40 டன் காகிதம்

ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போடும் பணம், அந்த நாட்டுக்குள் ஒரு டன் எஃகுக்கும் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கும் எரியும் நிலக்கரியைக் குறைக்குமா என்ற கேள்வி முதலில் விசித்திரமாகவே தோன்றும். வெளியே போன பணம் வெளியேதானே வேலை செய்யும் என்று கேட்கத் தோன்றும். ஆயினும் இக்கேள்வி சீனாவை முன்வைத்துப் பொருளியலாளர்களால் திரும்பத் திரும்ப ஆராயப்பட்டு வருகிறது. உலகில் எரியும் நிலக்கரியில் பாதிக்கு மேல் அந்நாட்டில்தான் எரிகிறது என்பதும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறநாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்காகக் காத்திருந்த அந்நாடு பதினைந்தே ஆண்டுகளில் தானே பிறநாடுகளை விலைபேசும் நிலைக்கு வந்துவிட்டது என்பதும் அதற்குக் காரணங்கள். கேள்விக்குக் கிடைக்கும் விடை ஆமென்றும் இல்லையென்றும் பிளவுபடுகிறது; அந்தப் பிளவு எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் இந்த விவாதத்தின் உயிர் இருக்கிறது.

ஆற்றல் திறன் என்ற சொல்லுக்கு இருவகைப் பொருள் உண்டு. பொறியாளர் அதை உலையின் வாயிலில் நின்று அளக்கிறார்: ஒரு டன் இரும்பு வார்க்க எத்தனை கிலோ கற்கரி, ஒரு டன் அலுமினியம் பிரிக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்பது அவர் கணக்கு. பொருளியலாளரோ நாடு முழுவதும் செலவழித்த எரிபொருளை ஒரே அலகாக்கி, அதை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, ஒரு ரூபாய் அல்லது ஒரு யுவான் மதிப்பை உண்டாக்க எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்று பார்க்கிறார்; இதற்கு ஆற்றல் செறிவு என்று பெயர், செறிவு குறைந்தால் திறன் கூடியதாகக் கொள்வது வழக்கம். இரண்டு அளவைகளும் ஒன்றையே சொல்வதாக எண்ணுவது பெரும்பிழை. எந்த உலையையும் தொடாமல், ஓர் உலையை மூடி அது செய்த பொருளை வெளியிலிருந்து வாங்கினாலே இரண்டாவது அளவை இறங்கிவிடும். முதல் அளவையில் எந்த மாற்றமும் நிகழ்ந்திருக்காது. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட ஆய்வுகள் ஏராளம்.

வெளியே போன பணத்தோடு அறிவு திரும்பி வருகிறது என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்து. இதனைத் தலைகீழ்த் தொழில்நுட்பக் கசிவு என்பர். பொதுவாகத் தொழில்நுட்பம் முதலீடு செய்பவரிடமிருந்து முதலீட்டைப் பெறுபவருக்குக் கசிவதாகக் கருதப்படும். இங்கே முதலீடு செய்பவர் தம்மினும் முன்னேறிய நாட்டில் ஒரு தொழிற்சாலையையோ ஆய்வுக்கூடத்தையோ வாங்கி, அங்குள்ள அறிவைத் தாய்நாட்டுக்கு எடுத்துவருகிறார். லிக்டன்பெர்க், வான் பாட்டெல்ஸ்பெர்க் ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, 13 தொழில்வள நாடுகளின் கணக்கைக் கொண்டு, உள்ளே வரும் முதலீட்டைவிட வெளியே செல்லும் முதலீடே தொழில்நுட்பத்தை எல்லை கடத்துகிறது என்று வாதிட்டது. ஆனால் வெளியே செல்லும் எல்லாப் பணமும் அறிவைத் தேடிச் செல்வதில்லை. ஜான் டன்னிங் வகுத்தவாறு மூலப்பொருளைத் தேடியும், சந்தையைத் தேடியும், குறைந்த செலவைத் தேடியும், பிறரிடமுள்ள அரிய தொழிற்சொத்தைத் தேடியும் முதலீடு புறப்படுகிறது. பெய்ஜிங்கின் ஷோகாங் எஃகு நிறுவனம் 1992இல் பெரு நாட்டின் மார்கோனா இரும்புச் சுரங்கத்தை வாங்கியபோது தேடியது தாதுவை; அந்தச் சுரங்கத்திலிருந்து பெய்ஜிங்கின் உலைகளுக்குக் கற்றுத்தர எதுவுமில்லை.

‘வெளியே செல்’ என்ற கொள்கை சீனாவின் பத்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், 2001இல், இடம்பெற்றது. 2016இல் அந்நாட்டிலிருந்து வெளியேறிய நேரடி முதலீடு ஏறத்தாழ 19,600 கோடி டாலரைத் தொட்டது. இந்த எண்ணை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். சீனப் புள்ளிவிவரங்களில் வெளிச்செல்லும் முதலீட்டில் பாதிக்கு மேல் ஹாங்காங்குக்குச் சென்றதாகவே பதிவாகிறது. அங்கிருந்து அது ஜெர்மனிக்குப் போயிற்றா, கேமன் தீவுகளுக்குப் போயிற்றா, அல்லது அயல்நாட்டு முதலீடு என்ற பெயரில் மீண்டும் குவாங்டோங்குக்கே வந்து சேர்ந்ததா என்பதை அந்தப் பதிவு சொல்லாது. மாகாண வாரியாக முதலீட்டையும் ஆற்றல் திறனையும் ஒப்பிட்டு வரையப்படும் நேர்த்தியான கோடுகளுக்கு அடியில் இப்படியொரு மங்கலான தரவு கிடக்கிறது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அறிவு எவ்வாறு பயணம் செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காண ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரம் தக்க இடம். அந்நகரின் ஹோர்டே பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இயங்கிவந்த ஃபீனிக்ஸ் எஃகு ஆலை 2001இல் மூடப்பட்டது. அதை ஜியாங்சு மாகாணத்தின் ஷாகாங் நிறுவனம் வாங்கியது. நிலத்துக்காகவோ சந்தைக்காகவோ அல்ல, ஆலையைப் பெயர்த்தெடுத்து யாங்சி ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் நிறுத்துவதற்காக. ஏறத்தாழ ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் வந்து, ஆலைக்குள்ளேயே தங்கி, ஓய்வுநாள் இல்லாமல் உழைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அடையாளமிட்டுப் பெட்டியிலடைத்து, எதிர்பார்த்ததற்கு முன்பாகவே வேலையை முடித்தார்கள். போனது 2,50,000 டன் இயந்திரம்; அதோடு, எந்தப் பாகம் எங்கே பொருந்தும் என்பதை விளக்கும் 40 டன் ஆவணம். இதே நகரின் கைசர்ஸ்டூல் கற்கரி ஆலை 1992இல்தான் தொடங்கப்பட்டது, உலகின் மிக நவீனமான கற்கரி ஆலைகளுள் ஒன்று. எட்டே ஆண்டுகளில் மூடப்பட்டு, அடுத்து வந்த ஆண்டுகளில் அதுவும் கழற்றப்பட்டு ஷான்டோங் மாகாணத்தைச் சென்றடைந்தது. கணக்கியல் நுணுக்கம் பார்ப்பவர் இவற்றை முதலீடு என்று சொல்லமாட்டார், கொள்முதல் என்பார். எனினும் அறிவை வெளியே சென்று தேடும் முயற்சியின் மிகப் பச்சையான வடிவம் இதுதான். பின்னாளில் வந்த நுட்பமான நிறுவனக் கொள்முதல்களுக்கு இது முன்னோடி.

அந்த 40 டன் காகிதத்தில் எது இருந்திருக்கும், எது இருந்திருக்க முடியாது என்று சிந்திப்பது பயனுள்ளது. வரைபடங்களும் திருகாணிகளின் எண்ணிக்கையும் இருந்திருக்கும். உலையின் ஓசை சற்று மாறினால் காற்றை எவ்வளவு குறைப்பது, சுடரின் நிறம் எப்போது எச்சரிக்கிறது என்று முப்பது ஆண்டுகள் நின்ற மேஸ்திரி அறிந்தது இருந்திருக்காது. மைக்கேல் பொலான்யி இதனை உள்ளுறை அறிவு என்றார்: சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருப்பது. எரிபொருள் சிக்கனத்தில் பெரும்பகுதி இந்த வகை அறிவாகவே இருக்கிறது. 1990இல் கோஹனும் லெவிந்தாலும் இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார்கள்: வெளியிலிருக்கும் அறிவை இனங்கண்டு தனதாக்கிக்கொள்ளும் உறிஞ்சுதிறன், ஏற்கெனவே தன்னிடம் சேர்ந்திருக்கும் அறிவைப் பொறுத்தது. ஷான்டோங்கின் வெய்ச்சாய் நிறுவனம் 2012இல் ஜெர்மனியின் கியோன் குழுமத்தில் 25 விழுக்காட்டையும் லிண்டே ஹைட்ராலிக்ஸில் 70 விழுக்காட்டையும் 73.8 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2020 செப்டம்பரில் கனரக டீசல் எஞ்சின் ஒன்றின் வெப்பத்திறன் 50.26 விழுக்காட்டை எட்டிவிட்டதாக அறிவித்தது, அதாவது எரியும் டீசலின் ஆற்றலில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது. முதல் நிகழ்ச்சியிலிருந்து இரண்டாவதற்கு நேர்க்கோடு இழுப்பது தவறு. அந்த எஞ்சினுக்குப் பின்னால் சொந்த ஆய்வுக் குழுவின் பல்லாண்டு உழைப்பும் பாஷ் போன்ற கூட்டாளிகளின் பங்கும் உண்டு. ஆனால் ஐரோப்பியப் பொறியாளர்களோடு சமமாக உட்கார்ந்து பேசப் பழகிய நிறுவனமே இத்தகைய இலக்கை நினைத்துப் பார்த்தது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் இயலாது.

இவ்விடத்தில் தமிழில் ஒரு சொல்லிடர் குறுக்கிடுகிறது. ‘நிறுவனம்’ என்று நாம் சொல்வது எஃகு ஆலை நடத்தும் கம்பெனியையும் குறிக்கும், நீதிமன்றத்தையும் மத்திய வங்கியையும் குறிக்கும். டக்ளஸ் நார்த் தம் வாழ்நாள் ஆய்வில் வலியுறுத்தியதோ இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதைத்தான். அவர் பார்வையில் ஒன்று ஆட்டத்தின் விதிகள், மற்றது ஆடுபவர்கள். சட்டம், ஒப்பந்தம், சொத்துரிமை, அவற்றை நடைமுறைப்படுத்தும் முறை, எழுதாத வழக்கம் ஆகிய எல்லாம் சேர்ந்த விதிகளின் தொகுதியை இங்கே நெறியமைப்பு என்று குறிப்பிடலாம். அதன் தரத்தை அளக்க உலக வங்கியின் ஆறு ஆளுகைக் குறியீடுகள் 1996 முதலான தரவுகளோடு கிடைக்கின்றன. சீன மாகாணங்களுக்கு ஃபான் காங், வாங் சியாவ்லு ஆகியோர் உருவாக்கிய சந்தைமயக் குறியீடு பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் குறியீட்டு எண்ணைப் பார்த்து நெறியமைப்பை அறிவது, காய்ச்சல்மானியைப் பார்த்து நோயை அறிவதைப் போன்றது. அது எங்கே எப்படி வேலை செய்கிறது என்று காண உலைப்பக்கம் போக வேண்டும்.

கற்கரி என்பது நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு எடுப்பது. இரும்புத் தாதுவை உருக்க அதுவே தேவை. சூளையிலிருந்து தள்ளப்படும்போது அது ஏறத்தாழ 1,000 டிகிரி வெப்பத்தில் செந்தணலாக இருக்கும். அதை உடனே குளிர்விக்காவிட்டால் காற்றில் எரிந்து சாம்பலாகும். பழைய முறையில் தணல் நிறைந்த வண்டியை ஒரு கோபுரத்தின் கீழே நிறுத்தித் தண்ணீரைக் கொட்டுவார்கள். வெண்ணிற ஆவி மலைபோல் எழும், அதோடு தூசும் நாற்றமும் எழும், சூளைக்குள் நிலக்கரி கொடுத்த வெப்பம் அந்த ஆவியோடு வானத்துக்குப் போய்விடும். உலர்குளிர்ப்பு முறையில் தணலை மூடிய கலத்திலிட்டு நைட்ரஜன் வாயுவைச் சுற்றவிடுகிறார்கள். வாயு வெப்பத்தை ஏந்திக் கொதிகலனுக்குப் போகிறது, கொதிகலன் நீராவி தருகிறது, நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரமாகிறது. தணலின் வெப்பத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இவ்வாறு மீட்கலாம்.

இந்த நுட்பம் ஷாங்காயின் பாவ்ஸ்டீல் ஆலையில் 1985இலேயே, ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் உதவியோடு, இயங்கத் தொடங்கிவிட்டது. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய அரசு உதவியோடு ஷோகாங்கிலும் ஒரு மாதிரி அமைந்தது. ஆனாலும் நாடெங்கும் அது பரவுவதற்கு இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரவேண்டியிருந்தது. இருபதாண்டுக் காலம் பாவ்ஸ்டீலின் மதிலுக்குள் கண்முன் இயங்கிய நுட்பம் பக்கத்து ஆலைக்கு ஏன் போகவில்லை? அறியாமை காரணமல்ல. ஆலைக்குள் உண்டாக்கும் மின்சாரத்தை வலைப்பின்னலில் இணைக்க மின் விநியோக நிறுவனம் இசைய வேண்டும், அது இசைவதில் தனக்கு இழப்பென்று நினைத்தது. தனியார் ஆலைக்கு அரசு ஆலைக்குக் கிடைத்த வட்டியில் கடன் கிடைக்கவில்லை. உள்ளூர் அரசு தன் ஆலைகளுக்கு மின்சாரத்தைச் சலுகை விலையில் தந்துகொண்டிருந்தபோது சொந்தமாக மின்சாரம் உண்டாக்குவதில் யாருக்கும் ஆதாயமில்லை. திறன்குறைந்த ஆலைகளுக்குக் கூடுதல் கட்டணம் என்ற விதியை நடுவணரசு 2004இல் கொண்டுவந்தது. தன் மாவட்டத்தின் வரி வருவாயையும் வேலைவாய்ப்பையும் பார்த்த அதிகாரிகள் பல இடங்களில் அதைச் செயலிழக்கச் செய்தார்கள். 2003இல் ஷோகாங்கும் நிப்பான் ஸ்டீலும் சேர்ந்து இந்நுட்பத்தை உள்நாட்டிலேயே அமைத்துத்தரும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியதும், பின்னர் இலக்குகள் கடுமையானதும் சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. வெளிநாட்டிலிருந்து அறிவைக் கொண்டுவருவது கடினம் என்பதைவிட, கொண்டுவந்த அறிவை ஒரு மதிலைத் தாண்டவைப்பது கடினம் என்பதையே இந்த இருபதாண்டுகள் காட்டுகின்றன.

நெறியமைப்பு என்றால் கடுமையான ஆணை என்று பொருள்கொண்டால் என்ன நேரும் என்பதை 2010 காட்டியது. பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் ஆற்றல் செறிவை 2006 முதல் 2010க்குள் 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று விதித்தது. மாகாணங்களுக்கும் மாவட்டங்களுக்கும் அது பிரித்துத் தரப்பட்டது, அதிகாரிகளின் பதவி உயர்வு அதோடு கட்டப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பெரும் ஆலைகளைத் தனியே கண்காணித்த திட்டம் உண்மையான பலன்களைத் தந்தது என்பதை மறுக்கக்கூடாது. ஆலைதோறும் ஆற்றல் தணிக்கை என்ற பழக்கமே அதன் வழியாகத்தான் வேரூன்றியது. ஆனால் கெடு நெருங்கியபோது, இலக்கை எட்டாத இடங்களில் அதிகாரிகள் மின்சாரத்தையே நிறுத்தினார்கள். கம்பிவலைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹெபெய் மாகாணத்தின் ஆன்பிங் வட்டத்தில் ஆலைகளோடு வீடுகளும் மருத்துவமனையும் இருளில் கிடந்தன. ஜெஜியாங்கில் ஆலை முதலாளிகள் டீசல் ஜெனரேட்டர்களை வாங்கி ஓட்டினார்கள்; அந்த இலையுதிர்காலத்தில் நாட்டில் டீசல் தட்டுப்பாடே ஏற்பட்டது. அனல்மின் நிலையத்தைவிட அதிக விலைக்கு, அதிகப் புகையோடு உண்டாக்கிய மின்சாரத்தால் அதே நெசவும் அதே வார்ப்பும் நடந்தன. ஐந்தாண்டுகளின் முடிவில் 19.1 விழுக்காடு குறைப்பு என்று அறிவிக்கப்பட்டது. மருத்துவமனையின் விளக்கணைத்துச் சேர்த்த யூனிட்டுகளும் அதில் அடக்கம் என்பது மனத்தை உறுத்த வேண்டிய செய்தி.

அந்த எண்களே எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பது அடுத்த கேள்வி. 2015இல் சீனப் புள்ளியியல் துறை தன் பழைய கணக்குகளைத் திருத்தியபோது, 2012ஆம் ஆண்டுக்கு மட்டும் நிலக்கரி நுகர்வு முன்பு சொன்னதைவிட ஏறத்தாழ 60 கோடி டன் அதிகம் என்று தெரியவந்தது. அது 17 விழுக்காட்டுக்குச் சமம். பெருமளவு சிறு ஆலைகள், சிறு சூளைகள், சிறு சுரங்கங்கள் வழியே கணக்கில் வராமல் எரிந்த கரி அது. தவற்றைத் தானே கண்டுபிடித்து வெளியிட்டது அத்துறையின் பெருமை. எனினும் அதுவரை எழுதப்பட்ட ஆய்வுகளின் அட்டவணைகளில் எரியாததாகக் கருதப்பட்ட 60 கோடி டன் உண்மையில் எரிந்து, யாரோ சுவாசித்த காற்றில் கலந்திருந்தது.

திறன் கூடாமலே செறிவு குறையும் வழி முன்பே சொல்லப்பட்டது. வெளிச்செல்லும் முதலீடு அந்த வழியை அகலத் திறந்துவிடுகிறது. இதில் ஜப்பானுக்கு நெடிய அனுபவம் உண்டு. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். 1970களின் எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின் ஜப்பான் தன் 16 லட்சம் டன் உருக்குதிறனைப் படிப்படியாக மூடி, வட சுமாத்ராவின் அசஹான் ஆற்றில் நீர்மின் நிலையத்தோடு ஓர் ஆலையை 1982இல் இயக்கத் தொடங்கியது. ஆனால் அதே ஜப்பான் 1979இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றி, பெரிய ஆலை ஒவ்வொன்றிலும் சான்றிதழ் பெற்ற ஆற்றல் மேலாளர் இருக்க வேண்டும் என்று விதித்து, எஞ்சிய ஆலைகளை உலகின் மிகச் சிக்கனமான ஆலைகளாக்கியது. இடமாற்றமும் மேம்பாடும் ஒருங்கே நடந்ததால் அதன் செறிவு இறங்கியதில் எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. ஆனால் இரண்டாவது நடந்தது என்பதில் ஐயமில்லை.

சீனாவின் அண்மைக்கால நகர்வுகளில் அந்த உறுதி இல்லை. ஹெபெய் மாகாணம் 2014 வாக்கில் தன் எஃகு, சிமென்ட் உற்பத்தித்திறனில் ஒரு பகுதியை வெளிநாடுகளுக்கு நகர்த்தத் திட்டமிட்டது. அதே மாகாணத்தின் எஃகுக் குழுமம் 2016இல் செர்பியாவின் ஸ்மெதெரெவோ ஆலையை 4.6 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேரின் வேலை காப்பாற்றப்பட்டது உண்மை. அருகிலுள்ள ராதினாச் கிராமத்தில் துணி உலர்த்தினால் செந்தூசு படிகிறது என்று மக்கள் முறையிட்டதும் உண்மை. இதைவிடப் பெரியது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மொரோவாலி. 2013 வரை இந்தோனேசிய நிக்கல் தாது சீனத் துறைமுகங்களில் இறங்கி, சீன நிலக்கரியில் உருகியது. இந்தோனேசியா தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்த பின், சிங்ஷான் முதலிய சீன நிறுவனங்கள் உலையையே தாதுவின் பக்கத்துக்குக் கொண்டுபோயின. உலைக்கென்றே தனி அனல்மின் நிலையங்களும் எழுந்தன. ஃபுஜியானில் எரிந்திருக்க வேண்டிய கரி சுலவேசியில் எரிகிறது. சீனக் கணக்கில் அது மறைந்துவிட்டது. தன் தாதுவுக்கு மதிப்புக்கூட்ட விரும்பிய இந்தோனேசியாவைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் தலைகீழ்க் கசிவால் உள்நாட்டுத் திறன் உயர்ந்தது என்று மாகாண அட்டவணையில் எழுதும் ஆய்வாளர், அந்த இறக்கத்தில் ஒரு பகுதி வேறொரு கடற்கரையில் ஏறியிருப்பதைக் காணாமல் எழுதுகிறார்.

இத்துறை ஆய்வுகளில் பலவும் ஒரு வாயிற்படியைப் பற்றிப் பேசுகின்றன: நெறியமைப்பின் தரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மாகாணங்களில் வெளிச்செல்லும் முதலீடு திறனை உயர்த்துகிறது, தாண்டாத இடங்களில் பலன் மங்குகிறது அல்லது மறைகிறது என்பது அவற்றின் முடிவு. கடலோர மாகாணங்களுக்கும் உட்புற மாகாணங்களுக்கும் இடையே இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிவதாகவும் அவை சொல்கின்றன. இம்முடிவு பொருத்தமானதே. ஆனால் வாயிற்படி என்ற உருவகம், ஒருமுறை ஏறிவிட்டால் போதும் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. 2010இல் ஜெனரேட்டர் ஓடியது பின்தங்கிய மாகாணத்தில் அல்ல, சந்தைமயக் குறியீட்டில் முன்வரிசையில் நின்ற ஜெஜியாங்கில். நெறியமைப்பு ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு மீட்டரிலும் மீண்டும் காக்கப்பட வேண்டியதாக இருக்கிறது.

2021 ஜூலையில் சீனாவின் தேசியக் கரிமச் சந்தை தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மின் நிறுவனங்கள் முதலில் அதில் சேர்க்கப்பட்டன. எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என்ற உரிமையை வாங்கவும் விற்கவும் வழிசெய்யும் இச்சந்தையில் எல்லாமே ஒரு சிறு பையில் வந்து நிற்கிறது. ஆலையில் எரியும் நிலக்கரியிலிருந்து மாதிரி எடுத்து, பொடித்து, பையிலிட்டு, தேதி எழுதி ஒட்டி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அதன் கரிம விகிதம் தெரியும். அதை வைத்துத்தான் ஆலையின் கணக்கு. 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் நான்கு ஆலோசனை, சோதனை அமைப்புகளின் முறைகேட்டைப் பகிரங்கமாக வெளியிட்டது. மாதிரிகளையும் அறிக்கைகளையும் திரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025 மார்ச்சில் எஃகு, சிமென்ட், அலுமினியம் ஆகிய மூன்று தொழில்களும் அச்சந்தைக்குள் கொண்டுவரப்படுவதாக அறிவிக்கப்பட்டது. டோர்ட்மண்டிலிருந்து வந்த இயந்திரங்களும் ஜப்பானியரிடமிருந்து வாங்கிய நுட்பமும் ஓடும் தொழில்கள் இவை. இனி அவற்றின் வாயிலிலும் ஒருவர் நிலக்கரிக் குவியலின் முன் நின்று, எந்தக் கைப்பிடியைப் பையிலிடுவது, எந்தத் தேதியை எழுதுவது என்று தீர்மானிப்பார்.